விலைக்கு வந்த மண்

மண்ணை விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்று இரண்டு தலைமுறைக்கு முன்னர் ஜாசின் வட்டாரத்துத் தோட்டப் பாட்டாளி ஒருவரிடம் சொல்லியிருந்தால் அவர் நகைத்திருப்பார். நிலத்தை வாங்குவதுண்டு, விற்பதுண்டு. நிலத்திலிருந்து மண்ணை மட்டும் பிரித்து, லாரியில் ஏற்றி, இன்னொருவர் வீட்டு வாயிலில் கொட்டிப் பணம் பெறுவதை அவர் கேள்விப்பட்டிரார். இன்று ஜாசின், பெம்பான், மெர்லிமாவ் பக்கத்துத் தாமான்களில் அது எவரும் வியவாத வாணிகம்.

முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். சேமநிதிப் பணத்தைக் கொண்டு தாமானின் மூலையில் ஒரு வீடு வாங்கிக் குடிபுகுகிறார். வீட்டின் ஓரமாக ஆறு மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் உள்ள வெற்றிடம் கிடக்கிறது. முருங்கைக் கொம்பு ஒன்று, கறிவேப்பிலைக் கன்று ஒன்று, இரண்டு வாழை, நாலு பாத்தி வெண்டை என்று அவர் மனம் கணக்கிடுகிறது. மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் 'ணங்' என்று ஒலிக்கிறது. அடியில் கிடப்பவை உடைந்த செங்கல்லும் காய்ந்த சிமெண்டுக் கட்டியும் செம்பூரான் கல்லும். மலேசிய மண்ணியலார் 'மலாக்கா' என்றே பெயரிட்டழைக்கும் ஒரு மண்வகை உண்டு. இரும்புச் சத்து இறுகிச் சரளையாகத் திரண்டு கிடப்பது அதன் இயல்பு. மேட்டு நிலங்களில் அதன்மேல் படர்ந்திருந்த மெல்லிய மேல்மண்ணை, வீடு கட்டிய குத்தகையாளர் முதல் வேலையாகச் சுரண்டி எடுத்துவிட்டார். எஞ்சியது அடிமண். அதில் வெண்டை காய்க்காது. ஆகவே அவர் ஒரு லாரிக் கறுப்பு மண்ணுக்குச் சொல்லி அனுப்புகிறார்.

சொல்லி அனுப்புமுன் அண்டை வீட்டாரிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: நல்ல மண்ணாகத் தருவார்களா? எல்லாரும் கேட்கும் கேள்வி அதுதான். அந்த மண் எங்கிருந்து வருகிறது என்னும் மற்றொரு கேள்வி எவர் வாயிலும் எழுவதில்லை. முன்னது பொருளைப் பற்றியது. பின்னது அறத்தைப் பற்றியது. இக்கட்டுரை பின்னதன் பொருட்டே எழுந்ததெனினும், முன்னதைப் புறக்கணிப்பது தோட்டம் போடுவோருக்கு உதவாது.

நல்ல மண்ணை அறிவது எளிது. ஈரமாக இருக்கையில் ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். தட்டியும் உதிராதது களி. கையிலேயே நில்லாதது மணல். இன்னும் திட்பமாக அறிய விரும்புவோர் ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதிக்கு நீரும் விட்டுக் குலுக்கி வைக்கலாம். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் தங்கும். வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும். களி தெளிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மூன்று அடுக்குகளின் கனத்தைப் பார்த்தாலே மண்ணின் தன்மை விளங்கிவிடும். பள்ளி மாணவர்க்கும் இது நல்ல பாடம். நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. கடலோரச் சதுப்பில் தோண்டிய மண்ணும் கறுப்பாகவே இருக்கும். ஆயின் அவ்வகை மண் சிலவற்றில் அடங்கிக் கிடக்கும் கந்தகச் சேர்மம், காற்றுப் பட்டதும் அமிலமாக மாறி வேரை எரித்துவிடும். லாலாங் புல்லின் வெண்ணிற வேர்த்தண்டும் கோரைக் கிழங்கும் கலந்த மண்ணை வாங்கியவர், விலை கொடுத்துக் களையை வாங்கியவராவார். இந்நாட்டு மேட்டு மண் இயல்பாகவே புளிப்புடையது. சிறிது சுண்ணாம்பு சேர்த்தல் நன்று. முதற்கேள்விக்கு இவ்வளவு போதும்.

இரண்டாம் கேள்விக்கு வருமுன் மேல்மண் என்பது யாது என்று சற்று எண்ண வேண்டும். பாறை சிதைந்து பொடியானது மட்டும் மண்ணாகிவிடாது. அதில் இலை விழுந்து மக்க வேண்டும். வேர் ஊடுருவி இறந்து வழிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் உண்டு கழித்து மடிய வேண்டும். மண்புழுக்களைப் பற்றிச் சார்லஸ் டார்வின் எழுதிய நூல் 1881இல் வெளிவந்தது. உயிர்களின் தோற்றத்தை ஆராய்ந்து உலகையே அதிரவைத்த அறிஞர், தம் இறுதிக் காலத்தில் புழுவின் முன் குனிந்து அமர்ந்தது எண்ணத்தக்கது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே சென்று மேலே வருகிறது என்று அவர் கணக்கிட்டார். இத்தனை உயிர்கள் உழைத்தும் இரண்டு மூன்று செண்டிமீட்டர் மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகலாம் என்பது இன்றைய அறிவியலார் முடிவு. வெப்பமும் மழையும் மிகுந்த நம் நாட்டில் சில வேலைகள் விரைந்து நடக்கும் என்றாலும், மனித ஆயுளை அளவுகோலாகக் கொண்டால் மேல்மண் மீளாப் பொருளே.

இனி ஒரு கணக்கு. அந்த முதியவரின் வெற்றிடம் முப்பது சதுர மீட்டர். பதினைந்து செண்டிமீட்டர் உயரத்திற்கு மண் பரப்ப நாலரைக் கன மீட்டர் வேண்டும். எடை ஐந்து டன்னுக்கு மேல். மூன்று டன் லாரியில் இரண்டு நடை. அந்த மண்ணை எடுத்த இடத்திலும் மேல்மண் பதினைந்து செண்டிமீட்டர் ஆழமே இருந்திருக்குமாயின், அங்கே முப்பது சதுர மீட்டர் நிலம் தோலுரிந்து கிடக்கிறது என்பது பொருள். எத்தனை பாத்தி இங்கே பசுமையாயிற்றோ அத்தனை பாத்தி அங்கே வெறுமையாயிற்று. கூட்டல் கழித்தல் அறிந்த பிள்ளைக்கும் விளங்கும் இக்கணக்கு, வாங்குவோர் கண்ணில் படுவதில்லை. வெறுமையான இடம் வேலிக்கு வெளியே, பல மைல் தொலைவில் இருப்பதே அதற்குக் காரணம்.

ஐரோப்பாவின் வட பகுதியில் இக்கணக்கு பல நூற்றாண்டுகளாக நடந்தேறியது. நெதர்லாந்திலும் வட ஜெர்மனியிலும் உழவர்கள் புதர்க்காட்டு நிலத்தின் மேற்பரப்பைப் புல்லும் வேருமாக வெட்டியெடுத்துத் தொழுவத்தில் பரப்பினர். அது கால்நடையின் சாணத்தில் ஊறியதும் வயலில் கொண்டு போய்க் கொட்டினர். ஆண்டுதோறும் இவ்வாறு செய்ததால் சில வயல்கள் ஒரு மீட்டர் அளவுக்கு உயர்ந்தன; விளைச்சல் பெருகிற்று. வெட்டப்பட்ட புதர்க்காடுகளோ மூடியிழந்து, மணல் கிளம்பிக் காற்றில் அலையும் பாலைகளாயின. செயற்கை உரம் வந்த பின்னரே அவ்வழக்கம் நின்றது. அந்த உழவர்களைத் தீயோர் என்று கூற இயலாது. பிள்ளை குட்டிகளுக்குச் சோறு போட உழைத்தவர்கள் அவர்கள். எனினும் பாலை பாலைதான்.

நம் ஜாசினுக்குத் திரும்புவோம். இம்மாவட்டத்து மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாக்காவின் உட்பகுதிகளில் சீன முதலாளிகள் காட்டை அழித்துப் பெருமளவில் மரவள்ளி பயிரிட்டனர். மரவள்ளி மண்ணின் வளத்தை விரைந்து உறிஞ்சும். சில அறுவடைக்குப் பின் நிலம் சோர்ந்ததும் அதைக் கைவிட்டு அடுத்த காட்டுக்குச் சென்றனர். கைவிட்ட இடத்தை லாலாங் மூடிற்று. பின்னர் ரப்பர் வந்தது. டான் சாய் யான் என்பார் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கிய தோட்டம் இந்நாட்டு ரப்பர் வாணிகப் பயிரின் முன்னோடி. அடுத்து அவர் இந்த ஜாசின் மாவட்டத்து புக்கிட் ஆசஹானில் பெருந்தோட்டம் அமைத்தார். அந்தக் காலத்துத் துரைமார் மரங்களுக்கிடையே ஒரு புல்கூட நிற்கலாகாது என்று கருதினர். துடைத்துவிட்டாற்போல் களையெடுப்பதே சிறந்த நிருவாகம் எனப்பட்டது. களைக்கொட்டும் மண்வெட்டியும் பிடித்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். வெறுமையான சரிவில் நம் நாட்டுப் பெருமழை இறங்கிற்று. மேல்மண் ஓடையில் கலந்து, ஆற்றில் சேர்ந்து, கடலுக்குப் போயிற்று. சரிவில் வரப்புக் கட்டுவதும் கொடிப்பயறு வகைகளைப் படரவிட்டு மண்ணைக் காப்பதும் பின்னாளில்தான் வழக்கமாயின.

அந்தப் பெண்களும் ஆண்களும் மண்ணைப் போக்கிய குற்றத்திற்கு ஆளாவரோ? பெரட்டுக்கு நின்று, கங்காணி காட்டிய நிரையில், அரைவயிற்றுக் கூலிக்கு வெட்டியவர்கள் அவர்கள். களையெடுக்க மறுத்தால் அன்றைய கூலி இல்லை. தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லாதவன்மீது அறம் பெரும்பழியை ஏற்றுவதில்லை. ஆயின் அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் இன்று ஒரு லாரி மண்ணை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் நிலைக்கு வந்துள்ளனர். உரிமை வந்த இடத்தில் பொறுப்பும் உடன் வருகிறது.

அதே மக்கள் மண்ணை ஆக்கியும் இருக்கிறார்கள். வரலாற்று நூல்கள் எழுத மறந்த செய்தி இது. லயங்களின் பின்புறத்தில் குடும்பத்துக்கு ஒரு சிறு கொல்லை இருந்தது. அடுப்புச் சாம்பலும் மாட்டுச் சாணமும் ஆட்டுப் புழுக்கையும் மீன் கழுவிய நீரும் காய்கறித் தோலும் நாள் தவறாமல் அங்கே சென்றன. பாட்டி கொட்டிய இடத்தில் தாய் கொட்டினாள். தாய் கொட்டிய இடத்தில் மகள் கொட்டினாள். சரளைக் கல்லாய்க் கிடந்த இடம் மூன்று தலைமுறையில் கை வைத்தால் புதையும் கறுப்பு மண்ணாயிற்று. தோட்டம் கைமாறியபோதும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தபோதும், வெளியேறிய குடும்பங்கள் அம்மிக்கல்லையும் சாமிப் படத்தையும் கோழிக்கூட்டையும் ஏற்றிச் சென்றன. மண்ணை எவர் ஏற்றுவார்? அது எவருடைய கணக்கிலும் இல்லை. இழப்பீடு பேசியபோது வீட்டைப் பற்றிப் பேசினார்கள். வேலை செய்த ஆண்டுகளைப் பற்றிப் பேசினார்கள். கொல்லை மண்ணைப் பற்றிப் பேசியவர் உண்டா என்பது ஐயமே.

அத்தகைய நிலத்தில் மண்வாரி இயந்திரம் முதலில் சுரண்டுவது அந்த மேல்மண்ணைத்தான். சுரண்டியதை வாணிகர் வீணாக்கமாட்டார். ஆகவே, ஓய்வுபெற்ற அந்தத் தொழிலாளி இன்று வெள்ளியை எண்ணிக் கொடுத்து வாங்கும் மண், அவருடைய பாட்டியே சாம்பல் கொட்டி ஆக்கிய மண்ணாகவும் இருக்கக்கூடும். நிறுவ இயலாது, மறுக்கவும் இயலாது. எங்கிருந்து என்று கேட்காத வாணிகத்தில் இப்படிப்பட்ட செய்திகள் மறைந்தே போகின்றன.

வாங்குபவர் மீது என்ன குற்றம் என்று வினவுவோர் உண்டு. தோண்டியவர் ஒருவர், விற்றவர் ஒருவர். வாங்கியவர் உழைத்துச் சேர்த்த பணத்தைத்தானே கொடுத்தார்? திருக்குறளைக் கற்றோர்க்கு இவ்வாதம் புதியதன்று. புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் இதனை எதிர்கொண்டிருக்கிறார். உண்பதற்காக வாங்குவார் இல்லையெனில் விற்பதற்காகக் கொல்வாரும் இரார் என்பது அங்கே அவர் காட்டும் வழி. வாங்கும் கையே விற்கும் கையை உண்டாக்குகிறது என்னும் இக்கருத்து, ஊனுக்கு மட்டும் உரியதன்று. எனினும் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். ஊனை வாங்குபவர்க்கு, அது ஓர் உயிரிலிருந்து வந்தது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். மண்ணை வாங்குபவர்க்குத் தெரியாது. தெரியாமைக்கு மன்னிப்பு உண்டு. தெரிந்துகொள்ள முயலாமைக்கு அதே அளவு மன்னிப்பு உண்டோ என்பதே இங்கு எழும் வழக்கு. ஒரு வாக்கியத்தில் கேட்டுவிடக்கூடிய கேள்வியைக் கேளாதவர், விடையை அஞ்சியே கேளாதிருக்கிறார் என்று கொள்வதில் தவறில்லை.

தம் நிலத்து மண்ணைத் தாமே விற்பவரைத் தடுக்க முடியுமோ என்று இன்னொருவர் கேட்கலாம். சட்டம் இதில் வெளிப்படையாகவே பேசுகிறது. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தில் பாறைப் பொருள் என்பதன் விளக்கத்துக்குள் மணலும் களியும் மண்ணும் அடங்கும். நிலத்துக்கு உரியவரேயாயினும், தம் எல்லைக்கு வெளியே மண்ணைக் கொண்டுசெல்ல உரிமம் பெற வேண்டும். சட்டம் இயற்றியவர்கள் மண்ணை மரத்துப் பழம்போல் கருதவில்லை என்பது இதனால் விளங்கும். பழத்தைப் பறித்தால் அடுத்த ஆண்டும் காய்க்கும். மேல்மண்ணை விற்றவர் தம் பேரன் விளைவிக்க வேண்டியதையும் சேர்த்து விற்றவராகிறார். அந்தப் பேரனின் கையொப்பத்தை எவரும் வாங்குவதில்லை.

தன்னைத் தோண்டுவாரையும் தாங்கி நிற்கும் நிலத்தைப் பொறையுடைமைக்கு உவமையாக்கினார் வள்ளுவர். வகுப்பறையில் இதை விளக்கும்போது நிலத்தின் பெருமையைச் சொல்லிவிட்டு அடுத்த குறளுக்குப் போய்விடுகிறோம். அவ்வுவமையில் தோண்டுபவன் யார் என்று மாணவர் எவரேனும் எழுந்து கேட்டால் பாடம் சிறக்கும். இகழ்வாரைப் பொறுக்கச் சொல்லும் இடத்தில், இகழ்வாருக்கு இணையாக வைக்கப்பட்டவன் அவன். பொறுப்பவரின் பெருமை, துன்புறுத்துபவர்க்கு அளித்த உரிமச் சீட்டாகாது.

மண்ணை எடுப்பதெல்லாம் தீது என்று முடிவு கட்டிவிடவும் இயலாது. தமிழகத்தில் கோடையில் ஏரியும் கண்மாயும் வற்றியதும், உழவர்கள் அடியில் படிந்த வண்டலை வண்டி வண்டியாக அள்ளி வயலுக்கு இடுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். மழையில் கரைந்து வயலைவிட்டு ஓடிய மண்ணே ஏரியில் தங்கிற்று. அதைத் திரும்ப எடுத்துவந்தால் வயலும் வளம்பெறும், ஏரியும் ஆழம்பெறும். தமிழ்நாட்டுச் சிறு கனிமச் சலுகை விதிகள் (1959) இதற்கு இடம் தருகின்றன. அதே தமிழகத்தில், கோயம்புத்தூரை அடுத்த தடாகம் பள்ளத்தாக்கில், செங்கல் சூளைகளுக்காகச் செம்மண்ணை ஆழ ஆழத் தோண்டினார்கள். நீரோடைகள் சிதைந்தன, யானைகள் நடமாடும் வழியில் பெரும்பள்ளங்கள் தோன்றின. வழக்கு நீதிமன்றம் ஏறி, 2021இல் சூளைகள் மூடப்பட்டன. இரண்டு இடத்திலும் மண்வெட்டி ஒன்றே, வண்டியும் ஒன்றே. எங்கிருந்து எடுத்தார்கள், எடுத்த இடம் என்னவாயிற்று என்பதில்தான் வேறுபாடு. வீடமைப்புக்காக எப்படியும் சிமெண்டுக்கு அடியில் புதையவிருக்கும் மேல்மண்ணை முறையான உரிமத்தோடு எடுத்து வந்து ஒரு முருங்கைக்கு இடுவது மீட்புப்பணி. ஆற்றோரத்தையோ குன்றின் சரிவையோ இரவில் சுரண்டி வந்ததை வாங்குவது கொள்ளைக்குத் துணை போவது.

வாங்காமலே இருக்க வழியுண்டோ? உண்டு, ஆனால் அது விரைந்த வழியன்று. அமேசான் காடுகளில் வெளிறிய மண்ணுக்கு நடுவே ஆங்காங்கே கரிய வளமண் திட்டுகள் காணப்படுகின்றன. ஐரோப்பியர் வருகைக்கு முன் அங்கு வாழ்ந்த மக்கள் கரித்துண்டும் எலும்பும் மீன்முள்ளும் குப்பையும் சேர்த்து ஆக்கியவை அவை. லயத்துப் பாட்டிமார் எவரிடமும் கல்லாமல் செய்ததும் ஏறத்தாழ அதுவே. உதிர்ந்த இலை, அடுக்களைக் கழிவு, கிடைத்தால் சிறிது கோழி எரு ஆகியவற்றை அடுக்கடுக்காகக் குவித்து, ஈரம் காயாமல் பார்த்து, அவ்வப்போது கிளறிவிட்டால் நம் வெப்பத்தில் மூன்று நான்கு மாதத்தில் மக்கிவிடும். சரளை நிலத்தில் குழி தோண்டி அதை நிரப்பி முதல் ஆண்டு ஒரு வாழை வைக்கலாம். அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு குழி. அறுபது வயதில் குடிவந்தவரிடம் பத்தாண்டு காத்திருங்கள் என்று சொல்வது கொடுமைபோல் தோன்றும். பாதி லாரி வாங்கி, மீதியைத் தாமே ஆக்கிக்கொள்ளலாம் என்பதே நடைமுறைக்கு ஒத்த தீர்ப்பு.

அவர் கேட்டே விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். லாரி வந்து பின்னோக்கி நிற்கிறது. "தம்பி, இந்த மண் எந்தப் பக்கத்தில் எடுத்தது?" ஓட்டுநர் இளைஞர், அவரும் கூலிக்கு வந்தவரே. "தெரியாதுங்க ஐயா. முதலாளி ஏற்றச் சொன்ன இடத்தில் ஏற்றினேன். இதுவரை யாரும் கேட்டதில்லை." இவ்விடை கிடைப்பதே பெரும்பான்மை. திருப்பி அனுப்பினால் அது அடுத்த தெருவில் கொட்டப்படும். தோண்டிய பள்ளம் மூடப்போவதில்லை. ஏற்றுக்கொண்டால் அறியாமையில் தமக்கும் ஒரு பங்கு. முதலாளியின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி, அடுத்த நடைக்கு முன் இடத்தையும் உரிமத்தையும் சொன்னால்தான் பணம் என்று அவர் சொல்லி அனுப்பலாம். கேட்பவர் ஒருவரானால் முதலாளி சிரிப்பார். ஒரு தாமானில் பத்துப் பேர் கேட்டால் விடை தேடுவார்.

இதற்குள் முதல் நடை கொட்டியாயிற்று. வாயிலில் மூன்று டன் மண் குவிந்து கிடக்கிறது. லேடாங் மலைப் பக்கம் வானம் கறுத்து வருகிறது. சாலையோரக் கால்வாய் இரண்டடி தூரத்தில் இருக்கிறது. ஒரு பெருமழை போதும், பாதி மண் அதில் இறங்கி ஆற்றுக்குப் போய்விடும். முதியவர் உள்ளே போய்த் தார்ப்பாயை எடுத்து வருகிறார். ஓட்டுநர் இறங்கி வந்து மறுமுனையைப் பிடிக்கிறார்.